சின்னம்மாவுக்கு வசனம் வேண்டாம்

"எனக்கு இது வேண்டாம் பிள்ளை," என்று பதினொரு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்தாள் புஸ்பராணி.

கீர்த்தனி திகைத்துப்போனாள்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய வீட்டில் அந்தக் குடும்பத் தொடரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பாத்திரங்கள். எழுதுவது கீர்த்தனி. புஸ்பராணிக்குச் சின்னம்மா வேடம். அறுபத்திரண்டு பாகத்திலும் சின்னம்மா பேசியது மொத்தம் பத்தொன்பது வசனம். அதில் பதினான்கு, "சாப்பிட வாங்கோ."

கிளிவெட்டியிலிருந்து ஒரு பெண் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதமே போட்டிருந்தாள். "அந்தச் சின்னம்மா ஊமையோ? ஊமை எண்டால் அதையாவது சொல்லுங்கோ."

அதைப் படித்த பிறகுதான் கீர்த்தனி சின்னம்மாவுக்கென்று ஒரு முழுப் பாகம் எழுதினாள். சின்னம்மா வீட்டாரோடு கோபித்துக்கொண்டு சம்பூருக்குப் போய், பற்றை மூடிக் கிடக்கும் தன் வளவைத் தனி ஆளாகத் துப்புரவாக்குகிறாள். எந்த நடிகையும் ஓடிவந்து வாங்குகிற வேடம்.

"நல்லா எழுதியிருக்கிறாய். ஆனா ஏலாது."

"ஏன் அன்ரி?"

"நான் சம்பூருக்குப் போனா இஞ்ச ஆர் நிக்கிறது?"

"இஞ்ச உங்களுக்கு வசனமே இல்லையே."

"வசனம் இல்லாட்டி என்ன. நிக்கிறன்தானே."

அவள் போனதும் மேக்கப் போடும் றம்ஸியா சிரித்தாள்.

"அவ ஜமால்தீன் நானாட கதிரையை விட்டு அசையமாட்டா. எந்தக் காட்சியிலயும் போய்ப் பின்னால நிண்டிருவா. கமரா எந்த நேரமும் நானாவைத்தானே பார்க்குது. அவவிட மூஞ்சியும் விழும்."

ஜமால்தீன்தான் தொடரின் அப்பா. எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள். முப்பது வருசமாக நடிப்பவர். எவ்வளவு நீளக் காட்சியையும் ஒரே தரத்தில் முடித்துவிடுவார் என்று பெயர்.

கீர்த்தனிக்கு எரிச்சல் வந்தது. சும்மா நின்று முகம் காட்டுவதற்காக ஒரு நல்ல வேடத்தை விடுகிறாளே. அன்றிரவே அடுத்த பாகத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "சின்னம்மா சம்பூருக்குப் போய்விட்டாள்." கதையில் போய்விட்டால் பிறகு அந்தப் பாகத்தை நடிக்கத்தானே வேண்டும்.

மறுநாள் சொத்துப் பிரிக்கிற காட்சி. ஜமால்தீன் கதிரையில் இருக்க, பிள்ளைகள் சுற்றி நின்று சண்டை பிடிக்க வேண்டும்.

"நான் ஒரு ஓரமா நிக்கிறனே," என்றாள் புஸ்பராணி.

"கதைப்படி நீங்கள் சம்பூரில, அன்ரி."

புஸ்பராணி வெளியே போய் யன்னலடியில் நின்றாள். கீர்த்தனியும் அவளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

முதல் தரம், மூத்த மகன் பேசி முடித்தும் ஜமால்தீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம், மகள் பேசி முடிக்கமுன்னே மறுமொழி சொல்லிவிட்டார். மூன்றாம் தரம் இயக்குநர் றுவைஸ் "கட்" என்றதும் எல்லோரும் நிறுத்தினார்கள். ஜமால்தீன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்.

நிலையத்திலிருந்து வந்திருந்த அதிகாரி சோமசேகரம் எழும்பினார்.

"என்ன இது? இந்த ஆளுக்குக் காதில ஏதும்..."

அதற்குள் புஸ்பராணி உள்ளே போய்விட்டாள்.

"என்ர பிழை சேர். யன்னலடியில நிண்டு கதைச்சு அவரைக் குழப்பிப்போட்டன்."

"வசனம் இல்லாத ஆக்களுக்குத்தான் இஞ்ச வாய் கூட," என்றார் சோமசேகரம்.

புஸ்பராணி தலை குனிந்துகொண்டாள்.

யன்னலடியில் அவள் வாயே திறக்கவில்லை என்பது கீர்த்தனிக்குத் தெரியும். ஜமால்தீனைப் பார்த்தாள். அவர் ஒவ்வொருவருடைய உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீர்த்தனி றுவைஸிடம் போனாள்.

"சின்னம்மா சம்பூருக்குப் போகேல்லை. பஸ்ஸைத் தவறவிட்டிட்டா. அவவும் இந்தக் காட்சியில நிக்கட்டும்."

புஸ்பராணி வழக்கமான இடத்தில் போய் நின்றாள். கமராவில் விழாதபடி கதவு மறைவில் நின்று கீர்த்தனி பின்பக்கமாகப் பார்த்தாள். மற்றவர்கள் வசனத்தை முடிக்கும்போதெல்லாம் புஸ்பராணியின் விரல் ஜமால்தீனின் முதுகில் ஒருதரம் அழுத்தியது. "கட்" என்றதும் இரண்டு தரம்.

காட்சி ஒரே தரத்தில் முடிந்தது.

"பார்த்தியளா," என்றார் சோமசேகரம். "அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு நிண்டா எல்லாம் சரியா நடக்குது. அவவுக்கெண்டு தனிப் பாகம் வேற எழுதினீங்களாமே?"

"கிழிச்சுப்போட்டன் சேர்," என்றாள் கீர்த்தனி. "இனி அவவுக்கு ஒரு வசனமும் எழுதமாட்டன். நானாட கதிரைக்குப் பின்னால சும்மா நிண்டாப் போதும்."