இடது கை மயில்

"அடிப்பாவி! மயிலப் பிரிச்சுட்டியா?"

தர்மபுரிக்குப் போய்த் தையலுக்கு மணி வாங்கிக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பிய சோபனா, வாசற்படியிலேயே கத்தினாள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த அரக்குப் பட்டின் மேல் காலை வரைக்கும் ஒரு மயில் இருந்தது. கல்யாண ரவிக்கையின் இடது கை. இப்போது அந்த இடத்தில் மயிலின் வெறும் வெள்ளைக் கோடு. தரையில் நீலமும் பச்சையுமாக நூல் குவியல். அதற்குப் பக்கத்தில் அவள் நாத்தனார் பாஞ்சாலி.

போதாத குறைக்கு மணப்பெண்ணின் அம்மா நிர்மலாதேவி வேறு பின்னாலேயே நின்றாள். மொரப்பூருக்குப் போக வேண்டியவள், பஸ் ஸ்டாண்டில் சோபனாவைப் பார்த்ததும், "வேலை எந்த அளவுல இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் கூடவே ஏறிவிட்டாள்.

"என்ன சோபனா இது? நாளன்னிக்கு முகூர்த்தம். வெறும் கோடுதான் போட்டு வச்சிருக்க?"

"இல்லீங்க்கா. நேத்தே நூல் வேலைய முடிச்சுட்டேன், மணி மட்டுந்தான் பாக்கி. இவதான்..."



எந்த கேட்லாக்கிலும் இல்லாத மயில் அது. உலை கொதிக்கிற நேரத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தது. கழுத்து சரியாக வரவில்லை என்று மூன்று தாள் கிழித்தாள். மரவள்ளிக் காட்டில் மேய வந்த மயிலைக் குடமும் கையுமாக நின்று பார்த்துத்தான் அந்த வளைவைப் பிடித்தாள். பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, கிடைத்த நேரத்திலெல்லாம் குனிந்து இரண்டு நாள் வேலை. வலது கை போன வாரமே முடிந்து சட்டத்துக் கொம்பில் சுருண்டிருந்தது.

ஆரித் தையல் சங்கிலி மாதிரி. நுனி கிடைத்தால் சர்ரென்று மொத்தமும் வந்துவிடும்.

"எதுக்குடி பிரிச்ச?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். நிர்மலாதேவியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு!"

"அது... நானே ஒரு மயில் போட்டுப் பாக்கலாம்னு ஆசையா இருந்துச்சு அண்ணி."

"ஆறு மாசம் இலை போட்டுப் பழகுனவளுக்கு மயில் கேக்குதா? அதுவும் கல்யாணத் துணியில?"

நிர்மலாதேவி விடுவாளா?

"வூட்டுக்குள்ளயே பொறாமைய வச்சுக்கிட்டு எதுக்கும்மா ஊரார் துணிய வாங்கற? எம் பொண்ணு தேவிப்பிரியா இந்த ரவிக்கைக்கு மூணு மாசமா கனாக் கண்டுக்கிட்டு இருக்கா. பொடவையோட வந்த துண்டு, மாத்துத் துணியும் கெடையாது. இது மட்டும் கெட்டுப் போச்சு, ஜில்லா முழுக்க உம் பேர நாறடிச்சுருவேன், பாத்துக்க."

"இன்னிக்கே முடிச்சுடறேங்க்கா. எட்டு மணிக்கு."

"டெய்லர் கடையச் சாத்திட்டுப் போயிருவான். ஆறு."

"ஏழரை."

"ஆறேமுக்கால். அதுவரைக்கும் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன்."

சொன்ன கையோடு ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோபனா வழக்கமாக உட்காரும் இடம் அது. எழுந்திரு என்று சொல்ல முடியுமா? எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தாள். கோடு தலைகீழாகத் தெரிந்தது. அழித்துப் போட நேரமில்லை. பாஞ்சாலி போட்ட கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டினாள்.

நூல் அறுந்தது. ஊசிக் கொக்கியில் மாட்டினாள். மறுபடி அறுந்தது. ஒரே இடத்தில் ரெண்டாம் முறை குத்துகிறாள், பட்டு கிழிந்தால் தீர்ந்தது கதை. உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துத் துடைத்து முந்தானையே நனைந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தாள்.

"நான் வேணா மணி கோக்கட்டுமா அண்ணி?"

"தொட்டேன்னா கைய ஒடிச்சுருவேன்!"

பாஞ்சாலி அடுப்பங்கரைக்குப் போனாள். சோறாக்கினாள். பிள்ளையை அழைத்து வந்தாள். பால் கறந்தாள். டீ கொண்டு வந்து நீட்டினாள்.

"இதுல என்னத்தக் கலந்திருக்க?" என்றாள் நிர்மலாதேவி.

"சக்கரதாங்க."

ஆறு நாற்பதுக்குக் கடைசி மணி ஏறியது. வீட்டு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை ஐந்து மணி நேரம்தான் போல. சோபனா மரத்துப் போன விரல்களை உதறி நிமிர்வதற்குள், நிர்மலாதேவி துணியைக் கழற்றி இரண்டு கையையும் மடியில் விரித்து, தலையிலிருந்து தோகை வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தாள். குறை சொல்லத் துடித்த வாய்க்கு ஒன்றும் சிக்கவில்லை. சுருட்டிப் பையில் வைத்தாள்.

"உங்கையில வேலை இருக்கும்மா. ஆனா இவள மட்டும் சட்டத்துப் பக்கம் வுடாத. கூட இருந்தே குழி தோண்டுவா."

"சரிங்க்கா" என்றாள் சோபனா, பாஞ்சாலி காதில் விழட்டும் என்றே உரக்க.

ஆட்டோ சத்தம் தெருமுனை தாண்டியதும் திரும்பினாள்.

"இப்ப சொல்லு. உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணேன்?"

பாஞ்சாலி தரையிலிருந்த நூலைப் பொறுக்கியபடியே சொன்னாள்.

"நீங்க போனதும் வலது கையையும் விரிச்சு வச்சுப் பாத்தேன் அண்ணி. காகிதத்தத் திருப்பிப் போட மறந்துட்டீங்க, ரெண்டு மயிலும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. தாலி கட்டறப்ப ஒண்ணு மாப்பிள்ளையப் பாக்கும், ஒண்ணு முதுகுப் பக்கம் ஓடும். போன் போட்டேன், நீங்க எடுக்கல. சரி, பிரிச்சு, கோட்டையும் மாத்திப் போட்டு வச்சுட்டு, வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க பாட்டுக்கு அந்தம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னா, நான் என்னன்னு சொல்றது?"