கைராசி

தையலக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிச் சுரைப்பந்தலின் நிழலில் வைத்தபோது, பிளம்பர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தான்.

அவள் மூன்றாவது மாடி. நூல் மாதிரி ஏறிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோய்ப் பாதிக் கோடை கழிந்துவிட்டது. கீழே வந்து பொதுக்குழாயில் பிடித்துச் சுமக்கிறாள்.

குடியிருப்பில் மற்றவர்கள் வைத்த தக்காளியும் மிளகாயும் தொட்டியிலேயே கருகிவிட்டன. தரைத்தளத்துப் பிளம்பரின் சுரைக்கொடி மட்டும் மதிலேறிப் பக்கத்து வீட்டைக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

கைராசி என்றார்கள் எல்லோரும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும், தூரைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் போகாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான். சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பியிருந்தான்.

தையலக்கா வீட்டுக் குழாயையும் ஒருநாள் போய்ப் பார்த்தான். மெயினிலேயே பிரஷர் இல்லை என்று கையை விரித்தான். சுமந்த தண்ணீரில் அவள் போட்டுக்கொடுத்த காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

அந்த உறுத்தலில்தான் இன்று ஒரு சுரைக்காயை அறுத்து நீட்டினான். அவள் முகம் மலர்ந்தபோது அவனுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அவள் கொடியை நிமிர்ந்து பார்த்தாள். உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்கின.

"பாவம் தம்பி, வாடிக் கிடக்கு. காய வாங்கிட்டு சும்மா போக மனசு வரல."

அவன் பதறிக் கை நீட்டுவதற்குள் சருகை ஒதுக்கி, குடத்திலிருந்து இரண்டு கை அள்ளித் தூரில் ஊற்றிவிட்டாள்.

தண்ணீர் உள்ளே போகவில்லை.

அடிக்கிற வெயிலுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் மண் குடித்திருக்க வேண்டும். அது அப்படியே தேங்கி நின்றது. ஒரு சருகு அதில் மிதந்தது.

தையலக்கா குனிந்தபடியே இருந்தாள். பிறகு அவள் பார்வை சுவரைப் பிடித்து மேலே போனது. மூன்றாவது மாடிக்குப் போகும் குழாய் அந்தத் தூரின் பக்கத்தில்தான் மண்ணிலிருந்து எழுகிறது. அதன் ஜாயிண்ட் சருகுக்கு அடியில் இருக்கிறது.

கோடை பிறந்தபோது அதை அரைச் சுற்றுத் தளர்த்தியது கைராசிக்காரனின் கைதான்.

அவள் சுரைக்காயை அந்தத் தண்ணீரிலேயே மெல்ல வைத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.