அமல்தாரின் காலடி வண்டல்

மைசூருக்கு வெளியே, வற்றிய ஏரிக்குள் ஜமக்காளம் விரித்து நிற்கிறார் ஜரிகைத் தலைப்பாகை அமல்தார், தாலுகாவின் பெரிய அதிகாரி. 'மண் நம் தாய்' என்று பேசத் தொடங்கியவர் இன்னும் தாயைவிட்டு நகர்ந்தபாடில்லை. அவர் மண்வெட்டியைத் தொட்டுத் துவக்கும்வரை யாரும் வண்டல் அள்ளக்கூடாதாம். சாமுண்டி மலைமேல் மேகம் கறுக்கிறது. மழை இறங்கினால் வண்டல் தண்ணீருக்கடியில் போய்விடும். கூடையோடு காத்திருக்கும் நாச்சம்மாளின் வெளிறிய ராகிக்காடு, அந்த உரமில்லாமல் இந்த வருஷமும் பட்டினி. அவள் சேலையைச் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்குகிறாள். ஈர மண்ணின் வாசம் அமல்தாரின் கழுத்து மாலை மல்லிகையை அமுக்குகிறது.

"ஏம்மா, சாஹேபரு இன்னும் முடிக்கலை!" என்று பதறுகிறான் டவாலிச் சேவகன்.

"பேசட்டுமுங்க. மேகம் அவரு முடிக்கற வரைக்கும் நிக்குமா?"

முதல் துளி பேச்சுத்தாளில் பொட்டென்று விழுகிறது. நாச்சம்மாள் ஜமக்காளத்தின் ஓரத்தைச் சுருட்டுகிறாள்.

"சித்தெ நவுந்துக்குங்க சாமி. உங்க காலடியில இருக்கற தாயையும் ரெண்டு கூடை அள்ளிக்கறேன்."