சட்டைப் பையில் காது

பிரசங்கம் ஆரம்பித்து இரண்டாவது நிமிடம், டெய்லர் தன் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவும் முதல் வரிசையில், பாஸ்டரின் மூக்குக்கு நேராக.

அன்றைய தலைப்பு: 'அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுங்கள்.'

தூங்குகிறவர்களை பாஸ்டர் மன்னித்துவிடுவார். சபையில் பாதிப்பேர் அப்படித்தான். அவர்கள் தெரியாமல் தூங்கிப்போகிறவர்கள். இது தெரிந்தே செய்கிற அவமதிப்பு. வந்த கோபத்தில் ஒரு மணி நேரப் பிரசங்கம் ஒன்றே கால் மணி நேரமானது.

முடிந்ததும் சபைச் செயலாளர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

"வாராவாரம் இதே கதைதான் ஐயா. நீங்க ஆமென் சொன்னதும் எடுத்து மாட்டிக்கிறார். பின்பக்க பெஞ்சுல ஒரு மணி நேரம் அரட்டை. யார்கூடன்னா..."

"யார்கூடவோ இருக்கட்டும்! இருபது வருஷமா சபைக் கமிட்டியில இருந்தா கொம்பு முளைச்சிடுமா? நாளைக்கே பேரை எடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து நீக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மனைவி வந்து நின்றார்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போயிருந்தேனே..."

"அப்புறம் சொல்லு."

"ரெண்டு வாரமா அப்புறம்தான். ஒரே நிமிஷம்..."

"ஒரு மனுஷன் அமைதியா உக்காந்து எழுத இந்த வீட்டுல வழியிருக்கா?"

மனைவி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் கடிதத்தோடு பாஸ்டரே தையல் கடைக்குப் போனார். டெய்லர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பாஸ்டரின் வாய் அசைவதைப் பார்த்ததும் அவசரமாக மெஷினைக் காதில் மாட்டினார்.

"என் பிரசங்கம்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?"

"ஐயையோ! இது பழைய மெஷின் ஐயா. ஒரு தடவை சார்ஜ் போட்டா ஒரு மணி நேரம்தான் நிக்கும். அதை உங்களுக்கே கொடுத்துட்டா அப்புறம் பெஞ்சுல எனக்கு ஒண்ணும் கேக்காது."

"ஓஹோ! ஆண்டவரைவிட அரட்டை பெரிசா?"

"ஆண்டவரை எங்க விட்டேன்? இதைக் கழட்டினா ஒரே நிசப்தம். அவரும் நானும்தான். அவர் பேசினா சார்ஜ் இல்லாமலே கேக்குது. மனுஷங்க பேசினாத்தான் இது வேணும். அதுலயும் அழுதுக்கிட்டே பேசுறவங்க ரொம்ப மெதுவாப் பேசுறாங்க ஐயா."

"அழுறாங்களா? என் சபையிலயா? எதுவா இருந்தாலும் என்கிட்டல்ல வந்து சொல்லணும்!"

டெய்லர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். சங்கடத்தோடு எழுந்து, கடையிலிருந்த ஒரே நாற்காலியை பாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லத்தான் பார்த்தாங்களாம். நீங்க பிஸியா இருந்தீங்களாம். இன்னிக்கு சாயங்காலம் நானே உங்களைத் தேடி வரதா இருந்தேன்."

"எதுக்கு?"

"பாஸ்டரம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் ஐயா. துணைக்கு நானும் என் சம்சாரமும் போறோம். கையெழுத்து மட்டும் வீட்டுக்காரர்தான் போடணுமாம்."