நாராயணப்பன் விட்ட ஸ்கூட்

நான் அப்போது அங்கே இல்லை. ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் நடந்ததாம். மெஸ்ஸில் தங்கதுரை அண்ணன் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜையை ஒட்டி, கம்பெனி மனமகிழ் மன்றத்தில் ரம்மி போட்டி. ஞாயிறு மதியம். கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் மோல்டிங் செக்‌ஷன் திம்மப்பன். எதிரே ஃபோர்மேன் நாராயணப்பன், ஊரில் மாந்தோப்பு உள்ளவர்.

இருநூற்றொரு புள்ளி ஏறினால் அவுட். திம்மப்பன் அதை நெருங்கிவிட்டார். சீட்டு சரியில்லை என்றால் மற்றவர்கள் இருபத்தைந்து புள்ளி ஏற்றிக்கொண்டு 'ஸ்கூட்' விட்டு ஒதுங்கலாம். அவர் ஒதுங்கினாலே அவுட். எந்தச் சீட்டு வந்தாலும் ஆடியே ஆகவேண்டும். அதற்குக் 'கம்பல்சரி' என்று பெயர்.

"இந்தக் கையோட முடிஞ்சிரும்ணா. அப்படியே பஸ் ஏறிடுவேன்," என்றார் திம்மப்பன்.

அவர் மனைவி சென்னம்மா பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலையில் அவர்தான், "என் தம்பி இருக்கான்ல, நீ போய் ஒரு நாளாச்சும் ஆடிட்டு வா," என்று அனுப்பியிருந்தார்.

நாராயணப்பன் தன் சீட்டைப் பார்த்தார். கவிழ்த்தார்.

"ஸ்கூட்."

அடுத்த ஆட்டம். மறுபடியும், "ஸ்கூட்."

"இன்னாண்ணா, தர்மம் பண்றியா?" திம்மப்பன் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்களாம்.

ஸ்கூட் விட்டு விட்டு நாராயணப்பனும் கம்பல்சரிக்கு வந்துவிட்டார். இனி அவரும் ஆடித்தான் ஆகவேண்டும். ஆடினார். ஆட்டம் முடிகிற வழியாக இல்லை.

"படத்தையெல்லாம் முதல்லயே தள்ளிட்டேன்ணா. சின்னச் சீட்டா வெச்சிருக்கேன், தோத்தாலும் புள்ளி அதிகம் ஏறாது. சுலபமா என்னை வெளிய அனுப்ப முடியாது!"

"பாக்கலாம்டா திம்மா. எடு சீட்டை."

நாராயணப்பனுக்குப் பின்னால் நின்ற கரியப்பனுக்குப் பொறுக்கவில்லை. தங்கதுரையை ஓரமாக இழுத்தார்.

"அந்தாளு கையில ரம்மி சேர்ந்து எவ்ளோ நேரமாச்சு! காட்டாம ஆட்டம் காட்டிட்டு இருக்கான். தோப்புல ஆளுங்களை ஆட்டி வெச்ச புத்தி எங்க போவும்? பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடக்கிறவனை உட்டா என்னவாம்?"

இரண்டு பஸ் போய்விட்டது. திம்மப்பன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"தோத்துட்டேன்னு வெச்சுக்கண்ணா. நான் கிளம்பறேன்."

"பயந்துட்டியா? உக்காருடா. பாதியில எழுந்தா ஆம்பளையா?"

திம்மப்பன் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் திம்மப்பனின் மைத்துனர். அவர் நடந்து வந்த விதத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிணத்தோடு ஊருக்குப் போகிற வழியில், மாமாவை ஏற்றிக்கொள்ள வந்திருந்தார்.

திம்மப்பன் மைத்துனரின் தோளில் விழுந்தார். வேன் கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பியதும், கரியப்பன் நாராயணப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"உன்னாலதான்யா பொண்டாட்டி மூஞ்சியை உசுரோட பாக்காம போறான்! நல்லா இருப்பியா நீ?"

நாராயணப்பன் குனிந்தார். கீழே சிதறிய சீட்டுகளைப் பொறுக்கினார். அந்த வருடமே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

"அந்தாளு பேரை எடுக்காத தம்பி," என்று தங்கதுரை அண்ணன் தட்டை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று கேட்டில் டியூட்டி பார்த்த வாட்ச்மேன் மதுரைவீரனிடம் விசாரித்தேன்.

"போன் வந்துச்சே சார். மச்சான்தான் பேசினாரு. 'அக்கா போயிருச்சு, எடுத்துக்கிட்டு வர்றோம். மாமா தனியா பஸ் ஏறிடாமப் பாத்துக்கங்க, நான் வந்து சொல்லிக்கிறேன்'னாரு. நாராயணப்பன் சார்தான் கேட்டுக்கு வந்து போன்ல பேசினாரு. அப்ப அவரு முதல் ஸ்கூட்டே விடலை, அந்தக் கைக்குச் சீட்டைக் கலைச்சிட்டு இருந்தாங்க."