மூன்று மில்லிமீட்டர் மரை

சதாசிவனின் இரண்டு கைகளும் மரை போடும் டேப்பின் கைப்பிடியில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் அவன் மனைவி ஸ்ரீகுமாரி பட்டறைக்குள் வந்தாள்.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. வைஸில் ஒரு இரும்புத் தகடு இறுக்கப்பட்டிருந்தது. தகட்டில் மூன்று மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கான ஓட்டைகள். அவற்றுக்குள் மரை வெட்டுகிற டேப் ஏறக்குறைய தீக்குச்சி கனம்தான்.

அரைச் சுற்று முன்னே. கால் சுற்று பின்னே. ஒரு சொட்டு எண்ணெய்.

கை கொஞ்சம் சாய்ந்தால் டேப் உள்ளேயே ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டை எந்த டிரில்லும் துளைக்காது. தகட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதனால் டேப் உள்ளே இருக்கும்போது சதாசிவன் பேசமாட்டான். எழுந்திருக்கமாட்டான். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். அமரவிளையில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

அவள் கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து, தன் அண்ணன் பொன்னப்பனின் பேரைச் சொன்னாள்.

அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. காரோடு என்ற ஊரில் பொன்னப்பன் வீடு கட்டியபோது சதாசிவன் தன் கையால் ஒரு கேட் செய்து கொண்டுபோய் மாட்டினான். பால்காய்ச்சு முடிந்த கையோடு பொன்னப்பன் அதைக் கழற்றி பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டு, கடையிலிருந்து பளபளவென்று ஒன்றை வாங்கி மாட்டினான். சதாசிவன் இரும்புக் கடைக்குப் போய் அந்தக் கேட்டை விலை கொடுத்து மீட்டு வந்தான். இப்போது பட்டறைக்கு அதுதான் கதவு.

டேப் அரைச் சுற்று சுற்றியது.

"அண்ணனுக்கு எனக்க கிட்னியில ஒண்ணு குடுக்கப் போறேன். டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. சேரும்ணு சொல்லியாச்சு."

டேப் கால் சுற்று பின்னே வந்தது.

காரக்கோணத்தில் சிற்றப்பன் மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் என்றாள். முன்பே கேட்டிருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்றிருப்பான், அதனால்தான் கேட்கவில்லை என்றாள். இனி வேண்டாம் என்றாலும் கேட்கப்போவதில்லை. ஆனால் சம்மதத் தாளில் புருஷன் ஒப்பு போடாமல் டாக்டர்கள் தொடமாட்டார்கள் என்றாள்.

யோசித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

டேப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சதாசிவன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். அதனால் அவள், யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று. ஆஸ்பத்திரி வாசனை அடித்தாலே திரும்பி ஓடிவிடலாம் போல இருக்கிறது என்று. அண்ணன் செய்தது அவளுக்கும் மறக்கவில்லை என்று. அவனுக்குக் கொடுக்க மனசில்லாமல்தான் கொடுக்கிறாளோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது, ஆனாலும் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று.

கைப்பிடி நின்றது.

சதாசிவன் தகட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஆசுபத்திரியில உனக்குத் துணைக்கு ஆரு நிக்கது?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"நான் நிக்கேன். உனக்க கட்டிலுக்குப் பக்கத்தில. அவன் கெடக்குத முறிக்குள்ள வரமாட்டேன் ஆக்கும்."

ஸ்ரீகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சதாசிவன் டேப்பை மெதுவாகத் திருப்பி வெளியே எடுத்தான். அதில் எண்ணெய் மட்டும்தான் இருந்தது. ஒரு பொடி இரும்புச் சீவல்கூட இல்லை.

தகட்டில் எல்லா ஓட்டைகளுக்கும் அவன் மரை போட்டு முடித்துப் பல நாள் ஆகியிருந்தது.

பொன்னப்பனின் மனைவி ஓமனா போன வாரமே போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள். அன்றிலிருந்து, வீட்டின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டால், அவளாகச் சொல்லட்டும் என்று ஏதாவது ஒரு ஓட்டையில் டேப்பை விட்டுக்கொண்டு அவன் குனிந்து உட்கார்ந்துவிடுவான்.

நேற்றும் முந்தாநாளும் அவள் சாயாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தாள்.