பாதி வாசல்

எறும்புப் புற்றுக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. பழுது பார்க்கும் செம்பி ஒரு வழி கண்டாள். ஒரு கல்லை வைத்து வாசலில் பாதியை மறைத்தால் தண்ணீர் வராது, காற்று வரும். வேலையை அவசரக் குழுவிடம் ஒப்படைத்தாள். அவர்கள் மறந்து தொலைத்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று பருவ வேலை பார்க்கும் குழுவிடமும் சொல்லிவைத்தாள். இரண்டு பேரிடம் சொன்னதை மட்டும் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

அவசரக் குழு அன்றைக்கே கல்லை வைத்தது. மறுநாள் பருவக் குழு இன்னொரு கல்லை உருட்டி வந்து மீதிப் பாதியை அடைத்தது.

உள்ளே மூச்சு முட்டியது. முட்டை சுமந்தவர்கள் தள்ளாடினார்கள்.

"ஏற்கெனவே ஒரு கல் இருந்தது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று வாசல் காவல்காரி வடிவிடம் செம்பி சீறினாள்.

"தெரிஞ்சுதுக்கா. அது அவசரக் குழுவோட ஏழாம் நம்பர் வேலை, இது பருவக் குழுவோட முப்பத்தொண்ணு. ரெண்டும் ஒரே வேலைன்னு யாரு சொன்னா?"

வெளியே இடி உருண்டது. செம்பி அவசரக் குழுவிடம் ஓடி, "ஒரு கல்லை எடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள். அவர்கள் தாமதித்தால் எல்லோர் உயிரும் போய்விடுமே! திரும்பி ஓடிப் பருவக் குழுவிடமும் அதையே கத்தினாள்.

ஒரு கல் நகர்ந்தது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. செம்பி அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் வடிவின் குரல் கேட்டது:

"பருவக் குழுவோட முப்பத்திரெண்டாம் நம்பரா? ஒரு கல்லை எடுக்கணுமா? வாங்க, சரியா ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."